பிரேமா போட்ட கட்டம்

உக்காரு கண்ணு, சாவி எங்கியும் ஓடிப்போகாது. மாடியைப் பார்க்க அஞ்சு நிமிசம் போதும். அதுக்கு முந்தி நாலு விசயம் கேட்டுக்கறேன், கோவிச்சுக்காதே. வேளாண்மை ஆபீசுக்கு மாத்தலாகி வந்திருக்கறேன்னு சொன்னே. சரி. தனியாத்தான் இருப்பியா? சரி. கறி மீனு சமைப்பியா? சமைச்சுக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல. குறுக்கெழுத்துப் போடற பழக்கம் உண்டா?

சிரிக்காதே, நெசமாத்தான் கேக்கறேன். வாரப் பத்திரிகையில கட்டங் கட்டமா வருதில்ல, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ்னு, அதுதான். இல்லியா? ஒருக்காக்கூடப் போட்டதில்லியா? அப்பாடா. நல்லதாப் போச்சு. அந்தக் கிறுக்கு இருக்கறவங்களை இனி இந்த வாசப்படி ஏத்தறதில்லைன்னு இருக்கறேன். பட்டது போதும் சாமி.

யாருகிட்டப் பட்டேன்னு கேக்கலியே நீ? கேக்காட்டியும் சொல்லித்தானே ஆகோணும், அந்த வீட்டுலதானே நீ குடியிருக்கப் போறே. மேல இருந்தாளே பிரேமகுமாரி, அவகிட்டத்தான். துரோகம்னு ஒரு வார்த்தை இருக்குதே, நாலெழுத்து, அதைக் கட்டத்துக்குள்ள எத்தனையோ தடவை எழுதியிருக்கறேன். அது என்னன்னு அவதான் எனக்குக் காட்டினா.

என்ற பேரு குணவதி. கருவூலத்துல சூப்பிரண்டா இருந்து ரிட்டையர் ஆனவ. இந்தக் கோபி ஊருல பழைய ஆளுக யாரைக் கேட்டாலும் என்னைத் தெரியும். என்ன சொல்லுவாங்கங்கறது வேற. என்ற மேசைக்கு வந்த பில்லு ஒண்ணுகூடத் தப்போட தாண்டிப் போனதில்ல, அதை மட்டும் சொல்லித்தான் ஆகோணும் அவங்க. கல்யாணம் காச்சி இல்ல. அது ஒரு கதை, அதை உனக்குச் சொல்ல முடியாது.

ரிட்டையர் ஆகறதுக்கு முந்தியே எங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு. கட்டக் கச்சேரின்னு பேரு. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை நூலகத்து மாடியில கூடுவோம். கால்நடை டாக்டர் மருதாசலம், பேக்கரி வெச்சிருக்கற சம்சுதீன், இன்னும் நாலஞ்சு பேரு. ஒவ்வொரு மாசமும் ஒருத்தர் புதுசா ஒரு குறுக்கெழுத்து போட்டுட்டு வரோணும். மத்தவங்க அதை அவிழ்க்கோணும்.

அதுலயும் சும்மா வார்த்தைகளைக் கோத்துவிடறது இல்ல எங்களுது. அதை எவ வேணா போட்டுருவா. எங்களுது கருப்பொருள் வெச்ச கட்டம். நீளமான விடையெல்லாம் ஏதோ ஒரு விசயத்தைச் சுத்தி இருக்கும், ஆனா அது என்ன விசயம்னு சொல்லமாட்டோம். துடுப்பு, நங்கூரம், கலங்கரைவிளக்கம்னு வந்தா, ஓ, இது கடலுன்னு நீயாக் கண்டுபிடிக்கோணும். நட்டநடுக் கட்டத்துல அந்த மொத்தத்துக்கும் உயிராட்டம் ஒரு வார்த்தை உக்காந்திருக்கோணும். எனக்கு மூணு விடை வந்தாப் போதும், கருப்பொருளைச் சொல்லிப்போடுவேன். நாலாவதுக்குப் போனதே இல்ல. பெருமைக்குச் சொல்லல, டாக்டரைக் கேட்டுப் பாரு.

அவிழ்த்து முடிச்ச பொறவுதான் நெசமான கச்சேரி. வெட்டுன்னு சொல்லுவோம். எது நல்லாருக்குது, எது சொத்தை, எந்தக் குறிப்பு பித்தலாட்டம்னு ஆளாளுக்குப் பிரிச்சு மேஞ்சுருவோம். இதுல என்ன விசேசம்னா, கட்டத்துல போட்டவங்க பேரு இருக்காது. போட்டவங்களும் ஒண்ணுந் தெரியாதவங்களாட்டம் கூடவே உக்காந்து அவிழ்க்கோணும். வெட்டு நடக்கும்போது தன்ற கட்டத்தைப் பத்தி வாய் தெறக்கப்படாது. எல்லாம் முடிஞ்ச பொறவு எந்திரிச்சுப் போய்க் கரும்பலகையில தன்ற பேரை எழுதோணும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது நாந்தான். மூஞ்சியைப் பார்த்தா நாக்கு வளைஞ்சு போயிரும் கண்ணு. ஆளு தெரியாட்டித்தான் உண்மை வரும்.

என்ற வெட்டுன்னா கொஞ்சம் கடுசாத்தான் இருக்கும். ஒத்துக்கறேன். 'எழுத்துகள் கலைந்துள்ளன'ன்னு குறிப்புல போடுவாங்க பாரு, அதைக் கண்டா எனக்கு ஆகவே ஆகாது. வார்த்தையை நேரா உக்கார வெக்கத் துப்பில்ல, அதனால கலைச்சுப்போட்டு உக்கார வெச்சிருக்கறே, அவ்வளவுதானே? வலமிருந்து இடம், கீழிருந்து மேல்னு தலைகீழா எழுதறதும் அப்படித்தான். அதையெல்லாம் சிவப்பு மையில சுழிச்சுத்தான் குடுப்பேன். அந்தக் கோவத்துல ரெண்டொருத்தர் வராம நின்னுட்டாங்க. நிக்கட்டும். கூட்டமா முக்கியம்? தரம் வேண்டாமா?

பிரேமா அந்தச் சமயத்துலதான் மாடிக்கு வந்தா. நூல் கடையில கணக்கு எழுதிட்டிருந்தா. புருசன் தவறி ஒரு வருசம்கூட ஆகல. கொழந்தையும் இல்ல. என்னை விட நாலஞ்சு வயசு சின்னவ. பொட்டாட்டம் வருவா, பொட்டாட்டம் போவா. மேல ஆள் இருக்கறதே தெரியாது. ஒரு சாயங்காலம் தண்ணி மோட்டார் போடச் சொல்ல எறங்கி வந்தவ, நான் கட்டம் போட்டுட்டிருக்கறதைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டா. "இதை மனுசங்கதான் போடறாங்களாக்கா?"ன்னு கேட்டா. அவ பாட்டுக்கு மெசினு போடுதுன்னு நெனச்சுட்டிருந்திருக்கறா.

அன்னைக்கு ஆரம்பிச்சது. வெளிப்படிக்கட்டு இருக்குதில்ல, அதுல அவ மேல்படி, நான் கீழ்ப்படி. தெனமும் வெளக்கு வெக்கற நேரத்துக்கு உக்காருவோம். புள்ளி வெச்ச எழுத்துல ஒரு வார்த்தையும் ஆரம்பிக்காது, அதனால அந்தக் கட்டத்துல இருந்து கீழ புதுசா எதையும் எறக்க முடியாதுன்னு நான் ஒருக்காச் சொன்னதுதான், பட்டுன்னு பிடிச்சுக்கிட்டா. நல்ல மூளை. "அக்கா, லையில முடியற நாலெழுத்து ஒண்ணு சொல்லுங்க"ம்பா. நான் சொல்லுவேன். சொல்லாட்டியும் உக்காந்திருப்போம். அவளும் பேசமாட்டா, நானும் பேசமாட்டேன். கொசு கடிக்கற வரைக்கும் இருப்போம். பத்துப் பன்னெண்டு வருசம் அப்படியே போச்சு.

கச்சேரிக்கும் கூட்டிட்டுப் போனேன். மொதல் கட்டமே அவ புருசனைப் பத்திப் போட்டுட்டு வந்தா. அவன் தறிக்காரன். பாவு, நூல்கண்டு, விசைத்தறின்னு சுத்தியும் வெச்சு, நடுவுல அவன் பேரைப் போட்டிருந்தா. அவளுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, தெரியாமப் போகுமா? ஆனா தெரிஞ்சதுக்காக நாக்கை வளைக்க முடியுமா? நல்லா வெட்டுனேன். சொந்த அழுகையைக் கட்டத்துல ஊத்தக் கூடாது, ஊருக்குத் தெரியாத ஆளோட பேரு எப்படி விடையாகும், அவன் யாருன்னு எவன் கண்டுபிடிப்பான்னு கேட்டேன். பேரை எழுதறதுக்கு எந்திரிச்சுப் போனவ கையில சாக்பீசு ஒடைஞ்சுபோச்சு. ஆனா ஒரு வார்த்தை எதுத்துச் சொல்லல பாரு. அடுத்த நாளு எனக்குக் கொள்ளு ரசம் வெச்சுக் கொண்டுவந்து குடுத்தா. நான் சொன்னது சரின்னு அவளுக்கே பட்டிருக்குது. இல்லாட்டி ரசம் குடுப்பாளா?

அப்படி இருந்தவதான் கண்ணு. என்னைப் போய் அப்படிப் பண்ணுனா.

போன தை மாசம். என்ற பொறந்தநாள் வர்ற மாசம்தான், நான் அதையெல்லாம் கொண்டாடறதில்ல. அந்த மாசக் கட்டம் யாருதுன்னு வழக்கம்போல யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரு தாளைக் குடுத்தாங்க. நான் பேனாவைத் தெறந்தேன். மொதல் நீள விடை சுலபமா வந்துது. 'பிறர் கணக்கைக் காப்பதிலேயே வாழ்நாள் போகும் இடம்', அஞ்செழுத்து. கருவூலம். அடுத்தது சிவப்புமை. சரி, அரசாங்க ஆபீசுதான் கருப்பொருளுன்னு ஓரத்துல எழுதிப்போட்டேன். மூணாவது என்னன்னா, குதிகால்! 'நின்றால் வலிக்கும், நடந்தால் மறக்கும்'னு குறிப்பு. ஆபீசுக்குள்ள குதிகால் எங்கிருந்து வந்துது? ஆஸ்பத்திரியா இருக்குமோன்னு மாத்தினேன். பார்த்தா வரக்காப்பி. அப்புறம் முருங்கைமரம். 'வளர்ந்து வழியை மறைத்தாலும் வெட்ட விடமாட்டார்'னு போட்டிருக்குது. யாரு விடமாட்டார்? எழுவாயே இல்ல! அதுக்கப்புறம் தாழ்ப்பாள். 'இரவில் மூன்று முறை தொடப்படும்'. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

நிமிர்ந்து பார்க்கறேன், எல்லாரும் எப்பவோ முடிச்சுட்டு உக்காந்திருக்கறாங்க. சம்சுதீன் தாளைப் பார்த்துச் சிரிச்சுட்டிருக்கறார். எனக்கு முந்தி அவங்க முடிச்சதே இல்ல கண்ணு. எனக்கு அப்பவே ஒரு மாதிரி ஆயிருச்சு. நடுக்கட்டத்துக்கு வந்தேன். ரெண்டே எழுத்து. 'இருந்தால் பேசத் தேவையில்லை'. துணை. இம்புட்டுப் பெரிய கட்டத்துக்கு நடுவுல ரெண்டெழுத்து வார்த்தை! எடத்தை வீணடிக்கறதுக்கும் ஒரு அளவு இருக்குதில்ல?

வெட்டுக்கு நாந்தான் மொதல்ல எந்திரிச்சேன். "கருப்பொருளே இல்ல இதுல"ன்னு ஆரம்பிச்சேன். "எவளோ அலமாரியைத் தெறந்து தரையில கொட்டி விட்டிருக்கறா. கருவூலத்துக்கும் காப்பிக்கும் என்ன ஒறவு?"ன்னு கேட்டேன். தாழ்ப்பாளை எதுக்கு மூணு தடவை தொடோணும், ஒருக்காப் போட்டாப் பத்தாதா, தொடறது பைத்தியமான்னு கேட்டேன். நான் ராத்திரி தொட்டுப் பார்க்கறேன்னா அது வேற கண்ணு. இந்த வீட்டுத் தாழ்ப்பாள் சரியில்ல, நீயே பாரு, ஒருபக்கம் சாஞ்சிருக்குது.

அப்பத்தான் டாக்டர், "குணவதிம்மா, இன்னைக்கு வெட்டை இதோட நிறுத்திக்கலாமுங்க. டீ ஆறுதுங்க"ன்னார். அவரு எப்பவும் அப்படிச் சொன்னதில்ல. ஓகோ, இது டாக்டரோட கட்டமாட்ட இருக்குது, அதுதான் தாங்கலன்னு நான் நெனச்சுப்போட்டேன். மாட்டுக்கு ஊசி போடறவருக்கு என்னத்துக்கு இந்த வேலைன்னு இன்னும் ரெண்டு போடு போட்டேன். அவரு தலையைக் குனிஞ்சுட்டு, "இல்லீங்க, இது ஒரு விசயத்தைப் பத்தி இல்லாம, ஒரு ஆளைப் பத்தி இருக்குமோ என்னமோங்க"ன்னார்.

"ஆளா?"ன்னேன். எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. "இதுதான் ஒரு ஆளுன்னா, அந்த ஆளு எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கோணும்? வலி, சிவப்பு மை, பூட்டின கதவு. பாலு ஊத்தாத காப்பி. ஒரு நல்ல வார்த்தை இருக்குதா இதுல? இந்த மாதிரி ஒரு ஆளு பக்கத்துல எந்த மனுசி இருப்பா? இதுல நடுவுல துணையாம்! குறிப்பே தப்பு. பேசாம இருக்கறதுக்குத் துணை எதுக்கு?"ன்னு கேட்டுப்போட்டு, பேனாவை மூடி உக்காந்தேன்.

பிரேமா எந்திரிச்சா. நேரா கரும்பலகைக்குப் போனா. பிரேமகுமாரின்னு எழுதினா. எழுதிப்போட்டுத் திரும்பி, "உங்க பொறந்தநாளுக்குன்னு போட்டனுங்கக்கா"ன்னா.

எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் வெளங்கல. அப்புறம் அந்தத் தாளைப் பார்க்கறேன். ஒவ்வொண்ணா என்னையே பார்க்குது. அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்குது கண்ணு! மூணாவது விடையிலேயே தெரிஞ்சிருக்குது. சம்சுதீன் அதுக்குத்தான் சிரிச்சிருக்கறார். என்னை நடுவுல உக்கார வெச்சு, என்ற காலையும் காப்பியையும் கட்டத்துல போட்டு, நானே என்னை வெட்டற வரைக்கும் வேடிக்கை பார்த்திருக்கறாங்க. வாய் தெறக்கக் கூடாதுங்கறது வழக்கமாம். யாரு கொண்டுவந்த வழக்கம்? இதுக்கா கொண்டுவந்தேன்?

அதைக்கூட மன்னிச்சிருப்பேன். ஆனா ஒரு விடையைச் சொல்லாம விட்டனே, வரக்காப்பியில ரெண்டாவது எழுத்து ர. அந்த ர மேல குறுக்கால போகுது தாராபுரம். 'அமராவதிக் கரையில் ஓர் ஊர்'னு குறிப்பு. மத்தவங்களுக்கு அது ஊரு. எனக்கு அது ஊரா?

அதைத்தான் உனக்குச் சொல்ல முடியாதுன்னேன். சரி, சொல்றேன், ஆரம்பிச்சுப்போட்டேன். தாராபுரத்துல இருந்து ஒரு மாப்பிள்ளை பார்த்தாங்க எனக்கு. ஓவர்சியர். எல்லாம் பேசி முடிச்சாச்சு, தேதிதான் குறிக்கோணும். நல்ல மனுசன், சிரிச்ச முகம். ஒரு நாளு எங்க ஆபீசுக்கே ஒரு பில்லைத் தூக்கிட்டு வந்தார். என்னைப் பார்க்கோணும்னுதான் வந்திருப்பார். பில்லுல தப்பு. திருத்திட்டு வரச் சொன்னேன். போய்ட்டு வந்தார், இன்னொரு தப்பு. மறுக்கா அனுப்பினேன். மூணாந் தடவை சிரிச்சுட்டே, "கல்யாணத்துக்கப்புறமும் இப்படித் திருத்தறது உண்டுங்களா?"ன்னு கேட்டார். "தப்பு இருந்தா உண்டு"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் அவங்க வீட்டுல இருந்து பேச்சே வரல. ஏன் வரலைன்னு எங்க அம்மா சாகற வரைக்கும் கேட்டுட்டிருந்தாங்க. எனக்கே இன்னைக்கு வரைக்கும் காரணம் தெரியாது.

இதை நான் சொன்ன ஒரே ஆளு பிரேமா. மழை பேஞ்சு கரண்டு போன ஒரு சாயங்காலம், அதே படிக்கட்டுல சொன்னேன். அதைக் கொண்டுபோய்க் கட்டத்துல வெச்சுப்போட்டா! எனக்கு ரத்தம் கொதிச்சுது. எந்திரிச்சு நின்னு கத்தினேன். "தாராபுரத்துக்காரன் என்னை வேண்டாம்னு போனதை ஊரு பூரா பார்த்துச் சிரிக்கறதுக்கா போட்டே? உன்னை நம்பித்தானேடி சொன்னேன்? என்னைக் கட்டிக்க வந்தவன் ஓடிப்போனதுதான் உனக்கு வெளையாட்டா?"ன்னு கேட்டேன். அத்தனை பேரும் வாயைப் பொளந்து பார்த்துட்டிருக்கறாங்க. டாக்டர், "குணவதிம்மா, எங்களுக்கு அது ஒரு ஊருதானுங்களே, நாங்க வேற ஒண்ணும் நெனைக்கலீங்களே"ன்னார். இப்பத் தெரிஞ்சுபோச்சில்ல? அவளாலதானே தெரிஞ்சுது? இத்தனை வருசம் மூடி வெச்சிருந்தது ஒரே நாள்ல கோபி பூரா தெரிஞ்சுபோச்சு. யாராலன்னு நீயே சொல்லு.

பிரேமா அழுகல. அவ அழுதிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். "அதுவும் நீங்கதானுங்களேக்கா"ன்னு சொன்னா. அதையும் விட்டுப்போட்டா எப்படி நீங்களாகும்னு கேக்கறா! எனக்குப் புரியல. அன்னைக்கும் புரியல, இன்னைக்கும் புரியல.

அந்த வாரத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணிட்டா. நான் போகச் சொல்லல கண்ணு, அதைத் தெளிவாக் கேட்டுக்கோ. ஊருல எவளாவது நான் தொரத்தினேன்னு சொன்னா நம்பாதே. நான் பேசாமத்தான் இருந்தேன். அவ எறங்கினா நான் உள்ள போயிருவேன். ரசம் கொண்டுவந்து வாசல்ல வெச்சா, அது ஆறிப் போகற வரைக்கும் நான் எடுக்கல. அதுக்குப் போய் ஒருத்தி வீட்டைக் காலி பண்ணுவாளா?

போற அன்னைக்குச் சாவியைக் குடுக்க வந்தா. சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. நான் கூடத்துல உக்காந்து பேப்பர் படிக்கறமாதிரி இருந்தேன். ஒருவேளை மன்னிப்புக் கேப்பாளோன்னு இருந்தேன், கேட்டிருந்தா அந்த வண்டியை அப்படியே திருப்பியிருப்பேன். அவ என்ன கேட்டா தெரியுமா? "நீங்க என்னைத் திட்டினதுக்கு எனக்கு ஒண்ணும் வெசனமில்லீங்கக்கா. அத்தனையும் நான் ஆசையா எழுதினது. அதைப் பார்த்து, இப்படி ஒரு ஆளா, பக்கத்துல எந்த மனுசி இருப்பான்னு கேட்டீங்க. இருந்தவதானுங்களே நானு. அப்ப நான் இத்தனை வருசமா யாருகூட இருந்தனுங்கக்கா?"ன்னா.

இது என்ன கேள்வி? "சாவியை மேசை மேல வெச்சுட்டுப் போ"ன்னேன். வெச்சுட்டுப் போயிட்டா. சம்சுதீன் பேக்கரிக்கு மேல ஒரு அறை இருக்குது, அங்கதான் இருக்கறாளாம். கச்சேரியும் இப்ப அங்கதான் நடக்குதாம். என்னை யாரும் வர வேண்டாங்கல, வாங்கன்னும் கூப்பிடல. டாக்டர் மட்டும் ஒருக்கா வந்தார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அந்தப் புள்ளை வந்துருமுங்க"ன்னார். நான் எதுக்குச் சொல்லோணும்? அடிபட்டது நானு.

ஆனா ஒண்ணு பண்ணினேன். நான் ஒண்ணும் கல்லு இல்ல. அந்தக் கட்டத்தை எடுத்து வெச்சு, சிவப்பு மையில சுத்தமாத் திருத்திக் குடுத்துவிட்டேன், டாக்டர்கிட்டயே. ஒரு மாசம் உக்காந்து திருத்தினேன். தாராபுரத்தை எடுத்துப்போட்டேன். தாழ்ப்பாள் குறிப்பை மாத்தினேன். கறுப்புக் கட்டம் ரெண்டு பக்கமும் சரிசமமா இல்லாம இருந்துது, அதைச் சரி பண்ணினேன். இதுக்கு மேல ஒரு மனுசி எறங்கி வர முடியுமா? இதைப் பார்த்தாலாவது நான் கோவத்தை விட்டுட்டேன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு பதில் இல்ல இன்னைக்கு வரைக்கும்.

அந்த நடுக்கட்டம் மட்டும்தான் எனக்கு அடங்கல. துணையை எடுத்துப்போட்டு வேற ஏதாவது வெக்கோணும்னு என்னென்னமோ வெச்சுப் பார்த்தேன். ஒண்ணும் உக்காரமாட்டேங்குது. மேல இருந்து வர்றது கெட்டுப்போகுது, இல்லாட்டிப் பக்கத்துல போறது கெட்டுப்போகுது. கடைசியில அதை அப்படியே விட்டுத்தான் குடுத்தேன். இப்பவும் சாயங்காலமானா அதுதான் மண்டைக்குள்ள ஓடுது. இந்தக் கதையை எதுக்கு உன்கிட்டச் சொல்றேன்னா, குடி வர்றவங்களுக்கு முன்ன இருந்தவங்களைப் பத்தித் தெரியோணும். நாளைக்கு அவ ஒண்ணு சொல்ல, நீ ஒண்ணு நெனைக்கக் கூடாது.

மாடி நல்ல மாடி. காத்து வரும். தை மாசத்துல இருந்து சும்மாத்தான் கெடக்குது. யாரும் கேக்காம இல்ல, நெறையப் பேரு வந்தாங்க. ஒருத்தி நடந்தா தொம்மு தொம்முன்னு சத்தம். ஒரு புருசன் பொண்டாட்டி வந்தாங்க, அவங்க சொவத்துல ஆணி அடிப்போம்னாங்க. பேங்குக்காரப் பொண்ணு ஒருத்தி, தங்கமான பொண்ணு, குறையே சொல்ல முடியல. ஆனா படிக்கட்டுல ஏறும்போது போன்ல பேசிட்டே ஏறினா. வேண்டாம்னுட்டேன். ஆளு அமையோணுமில்ல? அவசரப்பட்டு யாரையோ விட்டுட்டு, அப்புறம் நாளைக்கே...

நாளைக்கே ஒண்ணுமில்ல. ஏதோ சொல்ல வந்தேன்.

உன்னைப் பார்த்தா நல்ல புள்ளையாத் தெரியுது. இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமக் கேட்டே பாரு, அதுவே பெரிசு. ஆமா, இங்க வீடு இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னாங்க? நான் போர்டு ஒண்ணும் வெக்கலியே. புரோக்கருகிட்டயும் சொல்லல.

யாரு?

பேக்கரிக்கு மேல இருக்கற அம்மாவா? ஒல்லியா, கண்ணாடி போட்டு? அவளா சொன்னா? அவளேவா?

என்னன்னு சொன்னா? இரு, அவ சொன்னதை அப்படியே சொல்லு. நீயா எதையும் சேர்க்காதே. நல்ல வீடு, நல்ல அம்மான்னு சொன்னா. சரி. பேச்சு கொஞ்சம் கடுசா இருக்கும், அதைப் பார்க்காதீங்கன்னு சொன்னா. சரி. அப்புறம்?

நான் இனி அங்க போகப் போறதில்ல, அந்த அம்மா ஒண்டியா இருக்கறாங்க, நீங்களாவது போய் இருங்கன்னாளா?

போகப் போறதில்லைன்னு அந்த வார்த்தையையே சொன்னாளா? இப்பப் போகமாட்டேன்னு சொன்னாளா, இல்ல இனின்னு சொன்னாளா? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு கண்ணு.

இனின்னுதான் சொன்னா.

பார்த்தியா? இதைத்தான் நான் துரோகம்னு சொல்றேன். கட்டத்துல போட்டது கூடப் போகட்டும். சிரிச்சாங்க, போகட்டும். இத்தனை பேரை ஒண்ணுமில்லாத காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிட்டு இந்த வீட்டை நான் யாருக்காகப் பூட்டி வெச்சிருக்கறேன்? வாடகைக்கா? அவளுக்கு இது தெரியாதா? என்ற காலு வலிக்கறது தெரியுது, காப்பி தெரியுது, தாராபுரம் தெரியுது, இது மட்டும் தெரியலியா அவளுக்கு? தனக்குப் பதிலா ஒரு ஆளைத் தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்கறா. நான் என்ன, ஆளு மாத்தற ஆபீசா?

இல்ல, நான் ஒண்ணும் அழுகல. ஒரு நிமிசம் பொறு.

சாமி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதே. மாடியைப் பார்க்க வேண்டாம். உனக்கு வேற நல்ல வீடா நானே விசாரிச்சுச் சொல்றேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்கறாங்க. எனக்காக ஒரே ஒரு காரியம் மட்டும் பண்ணு. போற வழிதானே, பேக்கரிக்கு மேல ஏறி அவளை ஒருக்காப் பார்த்துட்டுப் போ. வீடு கேக்கப் போன எடத்துல அந்தக் குணவதியம்மா ஒத்துக்கலைன்னு சொல்லு. என்ன காரணம்னு கேட்டா, தெரியலைன்னு சொல்லிரு. வீடு இன்னும் அப்படியேதான் இருக்குது, யாருக்கும் விடலைன்னு சொல்லு.

நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதே.